ஊதுபத்தி சாயும் திசை

காற்று எங்கால நுழைகிறதென்று
கண்ணுக்குத் தெரியாது.
சாமித்தட்டில் இருந்து ஊதுபத்தி ஒன்றை உருவிக்
கொளுத்திக்கொண்டேன்.
மல்லிகை. மூன்று வாங்கினால் ஒன்று சும்மா தந்தது.
ஏரியில் இருந்து ஏறி வருகிற காற்று
ஒஷாவாவில் முதலில் எங்களைத்தான் விசாரிக்கும்;
தெருவின் கடைசி வீடு.

வாசற்கதவின் அடியில் புகை உள்ளுக்கு வளைந்தது.
அதற்கு ரப்பர் பட்டி.
குசினி யன்னலில் நூலளவு நடுங்கியது.
அதற்குச் சிலிக்கன் பசை.
சுவிட்சுப் பலகையின் பின்னாலும்
யாரோ ஊதுகிற மாதிரி.
தயாபரன் பசைத் துப்பாக்கியோடு என் பின்னாலேயே வருகிறார்,
களவு பிடிக்க வந்த பொலிஸ் போல.
புகை சாய்ந்த இடத்தில் சுடுகிறார்.

வெளிக்குழாயை உள்ளே பூட்டி
மிச்சத் தண்ணீரை வடித்தாயிற்று.
பீலியில் அடைந்த மேப்பிள் சருகை அள்ளியாயிற்று,
கூடவே ஒரு டெனிஸ் பந்தும். எங்களிடம் நாய் இல்லை.
ஃபேர்னஸின் வடிகட்டி
சாம்பல் நிறக் கம்பளியாய் உரிந்து வந்தது.
படுக்கையறை யன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி
ஹெயார் டிரையரால் சூடு காட்ட,
சுருக்கமெல்லாம் இழுபட்டு
மேளத்தோலாய் விறைத்தது.
சுண்டிப் பார்த்தேன். டும் என்றது.
இனிச் சித்திரை வரைக்கும் திறக்க ஏலாது.

"கீழே?" என்றேன்.
"கீழே என்ன, மண்ணுக்குள்ளதானே.
சூடாய்த்தான் இருக்கும்."
வாடகை முதலாம் தேதி பிந்தாமல் வருகிறது.
ரொவீனா ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை;
எங்கள் காலடிச் சத்தத்துக்குக் கீழே பகல் நித்திரை.

கேட்டு, பதில் வந்து,
தட்டிவிட்டுத்தான் இறங்கினேன்.
பத்தியில் பாதி எரிந்திருந்தது.
கடைசிப் படியிலேயே புகை
நிமிர்ந்து நிற்க மறுத்தது.
அறைக்குள் போனதும் படுத்தேவிட்டது.

உயரத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு யன்னல்.
அதன் சட்டத்துக்கும் சீமெந்துக்கும் இடையில்
ரோசா நிறத் துவாய் ஒன்று,
கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி.
துவாய் எட்டாத மூலையில்
நாங்கள் எறிகிற பீட்சாக்கடை விளம்பரங்கள்
நாலாய், எட்டாய் மடித்து.
கட்டிலை எதிர்ச் சுவருக்கு இழுத்த கீறல்
தரையில் கிடந்தது.
இரவுச் சட்டைக்கு மேலே
பனிக்கோட்டைப் பூட்டிக்கொண்டு அவள் நின்றாள்.
"ஓகே, ஓகே, இட்ஸ் ஓகே" என்று சிரித்தாள்.

அந்த ஓகேயை எனக்குத் தெரியும்.
பதினொரு வருஷத்துக்கு முன்
மார்க்கம் ரோட்டில் ஒரு வீட்டின் அடியில்
காலுறை இரண்டு சோடி போட்டுக்கொண்டு
நானும் சொன்னதுதான்.
மேலே இருந்தவர்களும் கெட்ட சனம் இல்லை.

தயாபரன் கதிரையில் ஏறித் துவாயை இழுத்தார்.
இழுக்க இழுக்க வந்தது.
வந்த இடத்தில் வெளிப்புல் தெரிந்தது,
உறைபனியில் வெளுத்து.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நுரை அடைக்கிற டின் முழுதும் முடிந்தது.
இன்னொன்று வாங்கக் கடைக்கு ஓடினார்.
அந்த இடைவெளியில் புகை அலாரம் கத்தத் தொடங்க
நாங்கள் இரண்டு பேரும்
பீட்சா விளம்பரத்தை விரித்து அதற்கு விசிறினோம்.
என் கையில் பத்தி இன்னும் எரிவதை
அவள்தான் கண்டாள்.

சூடு அளக்கிற பெட்டி எங்கள் விறாந்தைச் சுவரில்.
எங்களைத் தொட்டுப் பார்த்து
போதும் என்று ஃபேர்னஸை நிறுத்தும்.
வேறு யாரையும் அதற்குத் தெரியாது.

அவள் வேலையால் வருவது காலை ஏழுக்கு.
ஆறுக்கு எழும்பி இரண்டு பாகை கூட்டிவிட்டுப் படுத்தேன்.
"ஆர் கூட்டினது?"
இருட்டில் கேட்டார்.
நித்திரை போலக் கிடந்தேன்.
கொஞ்சம் கழித்துப் போர்வை விலகியது.
விறாந்தையில் பொத்தான் ஒருமுறை கிளிக் என்றது.
கூட்டினாரா, குறைத்தாரா?
மூச்சைப் பிடித்துக் கிடக்க,
தரைக்குக் கீழே ஃபேர்னஸ்
தன் மூச்சை இழுத்தது.